மனக்கணிப்புச் சீட்டு வித்தை: அவுட் வைத்துக்கொள்வது ஏமாற்றா?

பூம்பாறைத் தம்பி:
கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் சனிக்கிழமைகளில் கேம்ப் ஃபயர் முடிந்ததும் மேசை மேசையாகப் போய்ச் சீட்டு வித்தை காட்டுகிறேன். எனக்குப் பிடித்தது மனக்கணிப்பு. ஒரு துண்டுத் தாளில் 'டைமன் மூன்று' என்று எழுதி, எல்லோரும் பார்க்கத் தம்ளருக்கு அடியில் வைப்பேன். அப்புறம், "மனதில் ஒரு திரையை நினையுங்கள், நிறம் பளிச்சென்று இருக்கட்டும்" என்று பேசிக்கொண்டே விரலால் டைமன் வடிவம் வரைவேன். மூலையில் சின்ன எண், நடுவில் டக், டக், டக் என்று மூன்று தட்டு. பலர் சரியாக டைமன் மூன்று என்கிறார்கள். போன வாரம் மதுரைப் பெரியவர் ஒருவர் ஸ்பேட் ஜாக்கி என்றார். தாளை எடுக்கவே கை வரவில்லை, தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவுட் இல்லாமல், அதாவது தவறினால் தப்பிக்க மாற்று வழி இல்லாமல் செய்யாதே என்கிறார்கள். அவுட் வைத்தால் அது மனதோடு ஆடும் ஆட்டமே இல்லையே?

குன்னூர் வித்தைக்காரர்:
தம்பி, இருபது வருடமாகச் செய்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன். நீங்கள் செய்யும் இதே முறையை லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் பயெஸும் குஸ்தாவ் கூனும் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். டைமன் மூன்றைச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினெட்டு பேர். குருட்டாம்போக்கில் சொன்னால் 52-ல் ஒன்று, நூற்றுக்கு இரண்டுகூட வராது. ஆராய்ச்சியாகப் பார்த்தால் பெரிய விஷயம். மேடைக்காரனுக்கு அது 82 தோல்வி. 'பலர்' என்கிறீர்களே, எண்ணிப் பார்த்தீர்களா? சரியாக வந்ததுதான் நினைவில் நிற்கும்.

கை வேலை வேறு கணக்கு. கனடாவில் ஜே ஓல்சன் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சீட்டுகளைப் படபடவென்று விசிறிக் காட்டும்போது ஒரு சீட்டை மட்டும் கண்ணில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார்கள். 118 பேரில் 98 சதவீதம் அந்தச் சீட்டையே நினைத்தார்கள். பெரும்பாலோர் தாமாகத் தேர்ந்ததாகவே நம்பினார்கள். உங்கள் பிழை அவுட் இல்லாதது மட்டுமல்ல, தாளை முதலிலேயே காட்டியதும்தான். கணிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாதவரை உங்களுக்கு நாலு இடம் உண்டு: தம்ளர், பர்ஸ், சட்டைப் பை, சீட்டுப் பெட்டி. ஒவ்வொன்றிலும் வேறு வேறு சீட்டை வைத்துவிட்டு, அவர் சொன்னது இருக்கும் இடத்தை மட்டும் காட்டலாம்.

கோத்தகிரி அக்கா:
அண்ணா, நீங்கள் இருவரும் வெற்றி தோல்வியைப் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. "உங்கள் முகத்தைப் படிக்கிறேன், இது சைக்காலஜி" என்று சொல்லிச் செய்கிறார்களே, அது. எங்கள் சித்தி ஒரு திருமண வீட்டில் இப்படி ஒரு வித்தையைப் பார்த்துவிட்டு, செய்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காணாமல் போன தாலிக்கொடி எங்கே என்று கேட்டார். அவர் இல்லை என்று சொல்லாமல் சிரித்து நழுவிவிட்டார். சித்தி அடுத்து ஒரு குறிகாரரிடம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தார். நீங்கள் சொன்ன ஆய்விலேயே பாருங்கள், அங்கே யாரும் மனதைப் படிக்கவில்லை. மனதில் ஒன்றைப் போடுகிறார்கள். படிப்பதும் போடுவதும் ஒன்றா?

குன்னூர் வித்தைக்காரர்:
நடந்தது வருத்தம்தான். ஆனால் அரிச்சந்திரன் வேடம் கட்டுபவர் மயான காண்டத்தில் அழுதால், அவரை நிஜமாகவே வெட்டியான் என்று யாராவது நினைப்பார்களா? மனதைப் படிப்பவன் என்பதும் ஒரு வேடம்.

கோத்தகிரி அக்கா:
கூத்துக்குப் போகிறவருக்கு அது கூத்து என்று தெரியும். டீ குடித்துக்கொண்டிருப்பவரின் மேசைக்கு நீங்களாக வந்து 'சைக்காலஜி' என்றால், அவர் எதை வைத்து வேடம் என்று கண்டுபிடிப்பார்?

பண்ணைக்காட்டுக் கிழவன்:
வித்தை எனக்குத் தெரியாது, சீட்டாட்டம் தெரியும். அந்தப் பெரியவர் முன்னூற்று நாலு ஆடுகிறவராக இருப்பார். அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கே 3 தான், ராணிக்கு 2. ஒரு சீட்டை நினை என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு முதலில் ஜாக்கிதான் வரும்.

குன்னூர் வித்தைக்காரர்:
ஐயா, இதை நான் யோசித்ததே இல்லை. கேட்டவுடன் ஸ்பேட் ஏஸ், ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராணி என்பவர்கள்தான் அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆட்டின் ராணியை நம்பி ஊட்டியில் எத்தனை முறை கவிழ்ந்திருக்கிறேன்! இனி முதலில் "வீட்டில் என்ன ஆட்டம் ஆடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு ஒரு பையில் ஜாக்கியை வைக்கப் போகிறேன்.

பூம்பாறைத் தம்பி:
இந்தச் சனிக்கிழமை மாற்றிச் செய்தேன். முகத்தைப் படிக்கிறேன் என்ற பேச்சை விட்டுவிட்டேன். "உங்கள் மனதில் ஒரு சீட்டைப் போடப் பார்க்கிறேன். விழுந்தாலும் விழும், விழாமலும் போகும்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அண்ணா சொன்ன விசிறலை முயன்றேன். பனியில் சீட்டு ஈரம் குடித்து ஊறியிருந்தது, விரலும் விறைத்துவிட்டது. மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு விழுந்ததால் அதைக் கைவிட்டேன். வெறும் பேச்சோடு ஏழு மேசை. எண்ணினேன். இரண்டில் விழுந்தது.

குன்னூர் வித்தைக்காரர்:
ஏழில் இரண்டு நல்ல கணக்குதான். மற்ற ஐந்து மேசையும் கசந்து போயிருக்குமே? அதனால்தான் அவுட்டை விடாதே என்கிறேன். சீட்டுக்கட்டை அடுப்படிப் பக்கம் உலர்ந்த டப்பாவில் வை.

பூம்பாறைத் தம்பி:
கசக்கவில்லை அண்ணா. தவறிய மேசைகளில் மூன்று பேர் "இன்னொரு தடவை போடு, இந்தத் தடவை பிடிகொடுக்காமல் பார்க்கிறேன்" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள்.