தொப்பூர் இறக்கம்: லோடு வண்டிக்கு 30 தானா, 45-ல போனா என்ன?

பத்துச்சக்கரம்:
தர்மபுரியில இருந்து சேலம் பக்கம் இறங்கும்போது தொப்பூர் கணவாயில கனரக வண்டிக்கு மணிக்கு 30 கி.மீ. வேகம்னு போட்டிருக்காங்க. நாலு வழி ரோடு, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. சரக்கு வண்டிக்கு நாலு வழியில 80 வரைக்கும் உண்டே? 28 டன் லோடு, பிரேக் நல்ல கண்டிஷன். 45-ல இறங்கினா என்ன கெட்டுப்போகும்? எந்த கியர் சரி?

டிரம்லைனிங்:
80 என்பது 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பு. சாலையின் தன்மையைப் பார்த்து அதைக் குறைத்துப் பலகை வைக்க மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 112 இடம் தருகிறது. பலகை இருந்தால் அந்த இடத்தில் அதுதான் வரம்பு.

அபராதத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 28 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 27 மெகாஜூல் ஆற்றல் வெளியேறியாக வேண்டும். 60-ல் ஓடுகிற அதே வண்டியை ஏழு முறை அடியோடு நிறுத்துவதற்குச் சமம் அது. 30-ல் போனாலும் 60-ல் போனாலும் மொத்தம் மாறாது, மாறுவது நேரம். 5 சதவீதச் சரிவில் அந்த 100 மீட்டர் இறங்க 2 கி.மீ. ஓட வேண்டும். 30-ல் நாலு நிமிடம், 60-ல் இரண்டே நிமிடம். பாதி நேரத்தில் அத்தனை சூட்டையும் பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளை) வாங்கினால் ஆற வழியில்லை. இன்ஜின் பிடித்துக்கொள்ளும் பங்குக்கும் அளவு உண்டு. 45-ல் மிச்சமெல்லாம் லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) தலையில்தான்.

கொண்டை ஊசி இல்லாததுதான் ஆபத்தே. வேகம் ஏறுவதே தெரியாமல், கணவாயில் அடிக்கடி விபத்து நடக்கும் இரட்டைப் பாலம் வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

ஏர்பிரஷர்:
அண்ணே, கியரை இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும். ஏறும்போது என்ன கியரோ அதே கியர்னு சொல்றது பழைய வண்டிக்கு. இப்ப இருக்கிற இன்ஜினுக்குப் பவர் ஜாஸ்தி, உயர்ந்த கியர்லயே ஏறிடும். அதனால இறங்க ஒரு கியர் குறைச்சே வைங்க. எக்ஸாஸ்ட் பிரேக்கும் (புகை போற வழியை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தைப் பிடிக்கிறது) ஆர்பிஎம் ஏற ஏறத்தான் நல்லாப் பிடிக்கும், ஆனா முள்ளு சிவப்புக்குப் போகக் கூடாது. பாதி இறக்கத்துல கியர் மாத்தப் போனா நியூட்ரல்ல மாட்டிக்கும், திரும்ப விழாது.

பெடல்ல கால வச்சுக்கிட்டே வராதீங்க. ஸ்பீடு முள்ளு 30-ஐத் தொட்டதும் அழுத்தமா ஒரே மிதி, மூணு செகண்டுல 22-க்கு வரணும், உடனே கால எடுத்துடுங்க. திரும்ப 30 வந்தா மறுபடி. தட்டித் தட்டி மிதிச்சா பிரேக்கை இயக்குற ஏர், கம்ப்ரஸர் நிரப்புறதுக்குள்ள இறங்கிடும்.

பத்துச்சக்கரம்:
புரியுது. டீசலுக்காக நியூட்ரல்ல விடுறாங்களே, அதுல ஏதாவது மிச்சமாகுதா?

ஏர்பிரஷர்:
ஒரு சொட்டும் மிச்சமில்ல. கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா பம்பு டீசலை நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்கு டீசல் போகுது. சாவியையும் அணைக்கிற ஆளுங்க இருக்காங்க: ஸ்டீயரிங் இறுகிடும், ஏரும் ஏறாது. பைத்தியக்காரத்தனம்.

டிரம்லைனிங்:
"பிரேக் நல்ல கண்டிஷன்" என்றீர்களே, பெடலை மிதித்துப் பார்த்தா? அது போதாது. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஏர் 6-7 பார் இருக்கும்போது ஒருவரை முழுதாக மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் சேம்பரிலும் (ஏர் அழுத்தம் போய்ச் சேரும் குடுவை) புஷ்ராடு (பிரேக்கைத் தள்ளும் கம்பி) எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து பாருங்கள். 30 சைஸ் சேம்பருக்கு 50 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். ராடு நகரக்கூடிய முழு ஓட்டமே சுமார் 64 மி.மீ.தான். சூட்டில் டிரம் விரியும்போது ஷூ (லைனிங் பொருத்திய வளைந்த கட்டை) இன்னும் தள்ளிப் போக வேண்டியிருக்கும். குளிரில் 50-ஐத் தாண்டிய ராடு அங்கே முட்டி நின்றுவிடும். ஏர் முழுதாக இருக்கும், பெடல் சரியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் (தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் பாகம்) உள்ள வண்டியில் அளவு தாண்டினால் ஸ்பானர் போட்டுத் திருகி அனுப்பாதீர்கள். உள்ளே வேறு ஏதோ தேய்ந்திருக்கிறது.

லைனிங் கருகும் வாடை வந்தாலோ, அதே வேகம் குறைய முன்னைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தாலோ, பிடி இருக்கும்போதே ஓரம் கட்டுங்கள். ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும். விரிந்த டிரம்மில் ஹேண்ட் பிரேக் பிடியும் தளர்வுதான். தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிக்கும். தானாக ஆறட்டும்.