வரவேற்பில் இலைக்கு முன் தட்டு சுற்ற வேண்டுமா? எல்லைப் பக்கத்துத் திருமணம், ஆலோசனை தேவை

கொழிஞ்சாம்பாறை மாமா:
அக்கா மகளுக்கு ஆவணியில் திருமணம். பெண் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை; மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சி. முந்தின நாள் மாலை இங்கே மண்டபத்தில் வரவேற்பு; அறுநூறு பேர் வரலாம். இரவு இலை போட்டுச் சாப்பாடு உண்டு. அதற்கு முன்னால் கொடுக்க என்று கேட்டரிங்காரர் பதினொரு வகை ஸ்டார்ட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோபி சிக்ஸ்டிஃபைவ், பேபி கார்ன், பனீர் டிக்கா, மினி சமோசா, குச்சியில் குத்திய ஏதோ ஒன்று. பட்டியலைப் படித்தால் திருமணம் கொழிஞ்சாம்பாறையிலா குர்கானிலா என்று தெரியவில்லை. சைவம்தான் என்பது இரண்டு வீட்டிலும் பேசி முடிந்த விஷயம், அதைக் கிளற வேண்டாம். இவை தேவையா? தேவையென்றால் எவை?

வாழையிலை:
ஒன்றும் தேவையில்லை. நம் பக்கத்து இலையில் முதலில் விழுவதே நேந்திரங்காய் வறுவலும், அதே காயை வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை உப்பேரியும்தானே? சோறு வரும்வரை கொறிப்பதற்காகத்தான் அவற்றை இடது ஓரத்தில் வைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் ஏற்கெனவே இலையில் இருக்கிறது. வாசலில் எண்ணெய்ப் பலகாரத்தால் வயிற்றை நிரப்பிவிட்டு, பிறகு பாயசத்தை "கொஞ்சமாக விடுங்கள்" என்று கையால் மறைக்கும் கூட்டத்தை எத்தனை பந்தியில் பார்ப்பது? குழந்தைகள் பாதி சமோசாவோடு உட்கார்ந்து இலையைத் தொடாமலே எழுகிறார்கள். அந்தச் சோறு குப்பைக்குப் போகிறது, அதற்கும் காசு நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

பொள்ளாச்சி மருமகள்:
வாழையிலை ஐயா, அது கேரளத்துச் சத்யை, அதாவது இலை விருந்து, வழக்கம். நாம் தமிழர்கள். பொள்ளாச்சியில் இனிப்பு வைத்துத்தான் பந்தியைத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் உப்பேரியைப் பார்த்து "இது என்ன, சிப்ஸா?" என்றுதான் கேட்பார்கள்.

வாழையிலை:
அம்மா, கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா 1949-க்கு முன் கொச்சி ராஜ்ஜியத்தோடு இருந்தது. பாலக்காடு நகரமோ மதராஸ் மாகாணத்து மலபாரில் இருந்தது. தமிழ் பேசும் எங்கள் பாட்டிமார் தலைமுறைகளாக உப்பேரி வறுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கேட்கட்டும், தின்று பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

சட்டுவம்:
மண்டபச் சமையலில் இருப்பவன் நான். வாழையிலை ஐயா இலையைப் பற்றிச் சொன்னது சரி, கடிகாரத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டார். அழைப்பிதழில் ஆறரை என்று இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏற ஏழேகால் ஆகும். பிறகு புகைப்பட வரிசை. முதல் பந்தி எட்டுக்கு முன் உட்காராது. கோயம்புத்தூரில் வேலை முடித்து பஸ் ஏறி வருபவர் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டிருப்பார். சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். மாத்திரை போட்டவரை ஏழு மணி நேரம் பட்டினியாக வரிசையில் நிறுத்திவிட்டு, பாயசத்துக்காகப் பசியைக் காத்தோம் என்று பெருமைப்பட முடியாது.

ஆனால் பதினொரு வகை என்பது ஏமாற்று. இலைச் சாப்பாடு இருக்கும்போது ஒருவருக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு துண்டு போதும். அறுநூறு பேருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் துண்டு. அதைப் பதினொன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் இருநூறுகூடத் தேறாது. பாதிப் பேருக்கு எது இருந்தது என்றே தெரியாது, மீதிப் பேர் தீர்ந்துபோனதைக் கேட்டு நிற்பார்கள். எல்லாவற்றையும் சூடாக வைக்க ஆளும் இருக்காது, அதனால் நாலு மணிக்கே பொரித்து மூடி வைப்பார்கள். மூடியதும் ஆவி இறங்கி கோபியின் மேல்மாவு துணிபோல் தொங்கும். மூன்று வகைக்கு மேல் போகாதீர்கள். என் தொழிலுக்கு எதிராகத்தான் பேசுகிறேன்.

மீனாட்சிபுரம் சந்தை:
மூன்றில் ஒன்று பழம்பொரி. வேறு பேச்சு இல்லை. நேந்திரம்பழம் தோலில் கரும்புள்ளி விழும்வரை பழுக்க வேண்டும், நீளவாக்கில் சீவாமல் விரல் பாதி அளவுக்கு வெட்ட வேண்டும். தேங்காய் எண்ணெயில் பொரித்தால் மண்டபத்துக்கு வெளியே சாலையில் போகிறவனும் வண்டியை நிறுத்துவான்.

பொள்ளாச்சி மருமகள்:
அந்த வாசனைதான் எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. கடலை எண்ணெயில் பொரியுங்கள்.

மீனாட்சிபுரம் சந்தை:
தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் தேங்காய் எண்ணெய் வாசனை ஆகாது என்கிறீர்கள்! பொள்ளாச்சியிலிருந்து காய் லாரி லாரியாக ஊர் ஊராகப் போகிறது, சட்டியில் மட்டும் கடலை எண்ணெய். இந்த நியாயத்தை நான் பார்த்ததில்லை.

சட்டுவம்:
வாசனையை விடுங்கள், விலையைப் பாருங்கள். 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் நானூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, "தேங்காய் எண்ணெயில் செய்கிறோம்" என்று சொல்லும் எல்லோரும் அதைத்தான் ஊற்றுகிறார்களா என்பது எனக்குச் சந்தேகம். எந்த எண்ணெய் என்றாலும் மறுநாள் முகூர்த்தத்துக்கு அதே எண்ணெயை ஏற்றக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018-இல் வரம்பு வைத்திருக்கிறது. அதில் சேரும் சிதைவுப் பொருள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டியதுதான். மண்டபத்தில் யாரும் அளக்க மாட்டார்கள். கறுத்து, நுரைத்து, கெட்டியாக ஓடினால் போதும், அளவுகோல் தேவையில்லை.

இன்னொன்று. ஆவணி என்றால் மலையாளத்தில் சிங்கம், ஓணம் வரும் மாதம். நேந்திரன் விலை ஏறும் காலம் அது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நேந்திரனும் கேரளத்துக்கு வறுவலுக்குத்தான் போய்விடும். பழத்தை முன்பே பேசி வைக்காவிட்டால் பழுக்காத காயை வெட்டிப் பழம்பொரி என்பார்கள். ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். ஆடி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முகூர்த்தம் தொடங்குகிறது. 2024 செப்டம்பர் 8 அன்று குருவாயூர்க் கோயிலில் மட்டும் ஒரே நாளில் முந்நூறுக்கு மேற்பட்ட திருமணங்கள் நடந்தன. மாலை போட இடம் கிடைத்தாலும் சட்டுவம் பிடிக்க ஆள் எங்கே?

எலப்புள்ளிக்காரி:
யாரும் ராமசேரி இட்லியைச் சொல்லவில்லை என்பது ஆச்சரியம். எங்கள் பக்கத்து ஊர்! காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் முதலியார் குடும்பங்கள் சுடும் இட்லி. மண்பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, மாவை ஊற்றி விறகடுப்பில் வேகவைப்பார்கள். தட்டையாக இருக்கும். பொடியும் தேங்காய் எண்ணெயும் போதும், சட்னி வேண்டாம். ஆறினாலும் கெட்டியாகாது, இரண்டு நாள் தாங்கும் என்று பெயர். அதை நான்காக வெட்டிப் பொடி தடவி வாழை இலைத் துண்டில் வையுங்கள். கேரளத்தில் இருக்கும் தமிழ்ப் பலகாரம், இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். எண்ணெயில் பொரித்ததும் இல்லை.

வாழையிலை:
வெட்டினால் ஓரத்து மென்மையும் நடுவின் கனமும் தனித்தனியாகப் போய்விடும், பிறகு அது வெறும் இட்லித் துண்டு. அந்த இட்லியை முழுதாகத் தின்பதில்தான் சுவை. வெட்ட வேண்டுமென்றால் சாதாரண இட்லியை வெட்டுங்கள், ராமசேரியை விட்டுவிடுங்கள்.

எலப்புள்ளிக்காரி:
உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் இலையில்தான் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. பல் இல்லாத பெரியவர்களுக்குப் பருப்பு வடையா நீட்டுவீர்கள்?

சட்டுவம்:
இட்லி நல்ல யோசனை, ஒரு சிக்கல் உண்டு. ஒரு பானையில் சிலதான் வேகும். மண்டபத்தில் வைத்துச் செய்ய முடியாது, முன்பே சொல்லி அன்று காலை வாங்கி வர வேண்டும். சட்னி வேண்டாம் என்றது மிகச் சரி. தேங்காய்ச் சட்னி மாலைப் புழுக்கத்தில் புளிக்கத் தொடங்கிவிடும், திருமண வீட்டு வயிற்றுக் கோளாறில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பருப்பு வடையையும் ஒதுக்காதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தட்டினால் உளுந்து வடையைவிட வெகுநேரம் மொறுமொறுப்பு நிற்கும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதை வேண்டாம் என்பவர் கிடையாது.

பொள்ளாச்சி மருமகள்:
சூடாகக் கிடைக்க மண்டப வாசலிலேயே அடுப்பு வைத்து எதிரில் பொரித்துக் கொடுக்கலாமே? இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சட்டுவம்:
ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நினைத்துப் பாருங்கள். மேற்கேயிருந்து அடிக்கும் காற்றில் அடுப்பு ஜுவாலை சாய்ந்துவிடும், எண்ணெய் சூடேறாது, வடை எண்ணெய் குடிக்கும். மேற்குப் பக்கம் தகரம் மறைத்துக் கட்டினால் செய்யலாம். கூட்டம் நடக்கும் பாதையில் கொதிக்கும் சட்டி மட்டும் வேண்டாம், குழந்தைகள் ஓடும் இடம்.

தட்டு விஷயமும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி முதலும் தடை. அந்தப் பக்கம் மலிவாகக் கிடைத்தது என்று பெட்டி பெட்டியாக வாங்கி வந்து இங்கே அபராதம் கட்டாதீர்கள். பாக்கு மட்டைத் தட்டு போதும்.

கொழிஞ்சாம்பாறை மாமா:
அக்காவிடம் பேசிவிட்டேன். பதினொன்றும் போயிற்று. சின்னப் பருப்பு வடை, பழம்பொரி, பெரியவர்கள் உட்காரும் பக்கத்தில் மட்டும் ராமசேரி இட்லி. குடிக்க இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட சம்பாரம், நம் நீர்மோர்தான். பழம்பொரி தேங்காய் எண்ணெயில், வடை கடலை எண்ணெயில் என்று சமாதானம் செய்தாயிற்று. பனீர் டிக்கா இல்லையா என்று மணப்பெண்ணே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அது வேறு வழக்கு.

மீனாட்சிபுரம் சந்தை:
பெண்ணுக்கு மட்டும் ஒரு தட்டு பனீர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், மாமா.

சட்டுவம்:
முதல் பந்தி உட்கார்ந்ததும் தட்டுச் சுற்றல் நின்றுவிட வேண்டும் என்று கேட்டரிங்காரரிடம் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் கடைசிப் பந்திவரை பரிமாறி, மிச்சக் கணக்கை உங்கள் தலையில் கட்டுவார்.

வாழையிலை:
எழுதி வாங்குங்கள். இப்போதும் சொல்கிறேன், தட்டு வேண்டியதில்லை. வைப்பதென்று முடிவு செய்த பிறகு என்ன செய்வது? அதே காகிதத்தில் இன்னொன்றையும் சேருங்கள்: இலையில் உப்பேரியை இரண்டாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் போட வேண்டும்.