2,300 இராப்பகல்: மில்லர் கணக்கு இடறிய இடங்கள்

கணக்குப்பிள்ளை

இயேசுவின் இரண்டாம் வருகையின் தேதி பற்றிய வாக்குவாதம் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. ஒருவர் மத்தேயு 24:36-ஐ வைப்பார்: அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா தவிர யாரும் அறியார். மற்றவர், "நாளும் நாழிகையும்தானே தெரியாது? வருஷம் தெரியாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று திருப்புவார். அப்புறம் இரண்டு பக்கமும் குரல்தான் ஏறும், விஷயம் நகராது. தேதியோடு வருபவரிடம் வசனம் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். தாளை எடுத்து வரிவரியாகப் போடச் சொல்லுங்கள். அலகு என்ன, எங்கிருந்து எண்ணுகிறார், எந்த நாட்காட்டி, முடிவில் என்ன நடக்கும் என்கிறார்: இந்த நாலு கண்ணியில் ஒன்று விட்டாலும் சங்கிலி போயிற்று.

பழகிப் பார்க்க 1844 கணக்கைவிட நல்லது கிடைக்காது. நியூயார்க் மாநிலம் லோ ஹாம்ப்டனில் விவசாயம் செய்த வில்லியம் மில்லர் போட்டது. ஒத்துவாக்கிய அகராதியும் வேதாகமமுமாக 1816 முதல் 1818 வரை உட்கார்ந்து போட்டார். அதன்பின் 1831 வரை மேடை ஏறவில்லை. அவசரக்காரர் போட்ட கணக்கு இல்லை இது.

அடிப்படை வசனம் தானியேல் 8:14. "இரண்டாயிரத்து முந்நூறு இராப்பகல் செல்லும்வரைக்கும் இருக்கும், பின்பு பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும்." பரிசுத்த ஸ்தலம் என்பது பூமி, அது சுத்திகரிக்கப்படுவது கிறிஸ்துவின் வருகையில் என்று மில்லர் கொண்டார். முதல் அடி, ஒரு நாளுக்கு ஒரு வருஷம். இதற்கு எண்ணாகமம் 14:34-ம் எசேக்கியேல் 4:6-ம் காட்டப்படும். ஆக 2,300 வருஷம். இரண்டாவது அடி, தொடக்கம். எட்டாம் அதிகாரத்தில் தொடக்க வருஷமே கிடையாது. அதனால் ஒன்பதாம் அதிகாரத்தின் எழுபது வாரத்துக்கு, அதாவது 490 நாளுக்கு, தாவினார்கள். அங்கே 9:24-ல் "குறிக்கப்பட்டிருக்கிறது" என்று தமிழில் வரும் எபிரெயச் சொல் நெக்தக். அதற்கு "வெட்டி எடுக்கப்பட்டது" என்று பொருள் கொண்டு, 490 வருஷம் அந்த 2,300-இன் தலைப்பகுதியிலிருந்து வெட்டப்பட்டது, ஆகவே இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே என்றார்கள். அந்தச் சொல் எபிரெய வேதாகமம் முழுவதிலும் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஒத்துப்பார்க்க இன்னொரு வசனம் இல்லாத சொல்லின்மேல் பாதிக் கணக்கு நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, எழுபது வாரத்தின் தொடக்கமாக 9:25 சொல்லும், எருசலேமைக் கட்டச் சொன்ன கட்டளை எது என்பது. பாரசீக ராஜா கோரேசின் கட்டளை கி.மு. 538. பின்னால் வந்த பாரசீக ராஜா அர்தசஷ்டாவின் ஏழாம் வருஷம், எஸ்றா 7-ல் உள்ளது, கி.மு. 457. அதே ராஜாவின் இருபதாம் வருஷம், நெகேமியா 2-ல் உள்ளது, கி.மு. 444 அல்லது 445. 2,300-ஐக் கூட்டினால் முதலாவதற்கு 1763, இரண்டாவதற்கு 1844, மூன்றாவதற்கு 1857 அல்லது 1856 வரும். மில்லர் 457-ஐ எடுத்தார். எஸ்றா 7-ஐ நிதானமாக வாசித்தால் வெள்ளி, பொன், பலிக்கான ஆட்டுக்கடா, நியாயாதிபதிகளை ஏற்படுத்துவது எல்லாம் இருக்கிறது. மதிலைக் கட்டு என்ற வார்த்தை இல்லை. மதில் வருவது நெகேமியாவில்.

கடைசியாக எல்லோரும் வழுக்கும் இடம். 2300-லிருந்து 457-ஐக் கழித்தால் 1843. மில்லரும் அப்படித்தான் போட்டார், 1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரை என்றார். ஆனால் கி.மு. 1-க்கு அடுத்து நேராக கி.பி. 1. நடுவில் பூஜ்ய வருஷம் இல்லை. விரலை விட்டு எண்ணிப் பாருங்கள்: கி.மு. 2-லிருந்து கி.பி. 2-க்கு மூன்று வருஷம்தான், நான்கு அல்ல. அதைத் திருத்தியதும் முடிவு ஒரு வருஷம் தள்ளி 1844-ல் விழுந்தது.

பெரோயா

கணக்குப்பிள்ளை ஐயா, வருகையை முழு மனதோடு நம்புகிறவனாகத்தான் எழுதுகிறேன். அடுக்கு சரியாக வைத்திருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

457-க்கு ஆதரவு எஸ்றா 7-ல் மட்டும் தேடப்படவில்லை. எஸ்றா 4:12-ல் அர்தசஷ்டாவுக்குப் போன புகார்க் கடிதம் இருக்கிறது: "உம்மிடத்திலிருந்து வந்த யூதர் நகரத்தைக் கட்டுகிறார்கள், மதில்களை எழுப்புகிறார்கள்" என்ற பொருளில். நெகேமியாவுக்கு முன்பே அந்த ராஜாவின் காலத்தில் மதில் வேலை நடந்தது என்பதற்கு அதைக் காட்டுவார்கள். அது பலமான வாதம்தான். "எஸ்றாவில் மதிலே இல்லை" என்று ஒரே அடியாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் இந்த வசனத்தைத் திறந்து வைப்பார், நம் மீதி வாதத்தையும் கேட்க மாட்டார்.

இரண்டாவது, மில்லர்காரர்கள் வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு மலையுச்சியில் நின்றார்கள் என்பது. மறுப்பவர்கள் பக்கம் இன்றும் புழங்குகிற கதை. அந்த நாளில் எதிர்ப்பாளர் பத்திரிகைகள் பரப்பியது, நம்பத்தக்க சாட்சியம் இல்லாதது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நிஜமாக நடந்ததே மனதை அறுக்கிறது. அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்கள் உண்டு, கடையைப் பூட்டியவர்கள் உண்டு. கடைசியாக எதிர்பார்த்த நாளான 1844 அக்டோபர் 22 நள்ளிரவு மணி அடித்தும் ஒன்றும் நடக்காமல், விடியும்வரை அழுததை மில்லர்காரர்களில் ஒருவரான ஹைரம் எட்சன் பிற்பாடு எழுதிவைத்தார். அந்த ஜனங்களை முட்டாள்கள் என்று பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுக்காது.

என் பார்வையில் கணக்கின் நிஜமான பலவீனம் "சுத்திகரிக்கப்படும்" என்ற சொல்லில் இருக்கிறது. எபிரெயத்தில் அங்கே நிற்பது நிட்ஸ்தக், நீதி என்ற வேரிலிருந்து வருவது. நியாயமான நிலைக்குத் திரும்பக் கொண்டுவரப்படும் என்பதுதான் நேர்ப்பொருள். லேவியராகமம் 16-ல் பாவநிவிர்த்தி நாளில் சுத்திகரிப்பதற்கு வரும் சொல்லோ தாஹேர் என்ற வேரைச் சேர்ந்தது. பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் தானியேலில் "சுத்திகரிக்கப்படும்" என்று போட்டன, ஆங்கிலமும் அப்படியே எடுத்தது, நம் தமிழ் வேதாகமத்திலும் அதே சொல். மொழிபெயர்ப்பில் இரண்டு வசனமும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் தானியேல் 8-ஐப் பாவநிவிர்த்தி நாளோடு முடிச்சுப்போடுவது அவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது. மூலத்தில் அந்த முடிச்சு இவ்வளவு இறுக்கம் இல்லை.

நாட்காட்டி

அக்டோபர் 22 எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டீர்களே. அது மில்லர் குறித்த தேதி இல்லை. 1844 வசந்தம் கடந்ததும் மே மாதம் அவர் தன் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வருகை சமீபம் என்ற நம்பிக்கையை மட்டும் விடவில்லை. ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் எக்ஸிட்டரில் நடந்த முகாம் கூட்டத்தில் சாமுவேல் ஸ்னோ என்பவர் புதிய வாதத்தை வைத்தார். வசந்தகாலப் பண்டிகைகள் முதல் வருகையில் நிறைவேறின, இலையுதிர்காலப் பண்டிகைகள் இரண்டாம் வருகையில் நிறைவேறும், பிரதான ஆசாரியன் வெளியே வருவது பாவநிவிர்த்தி நாளான ஏழாம் மாதம் பத்தாம் தேதி. மில்லரே அக்டோபர் தொடக்கத்தில்தான் இதை ஏற்றார்.

ஏழாம் மாதம் பத்தாம் தேதி 1844-ல் என்றைக்கு? யூத ஜெபாலயங்களில் பாவநிவிர்த்தி நாள் அந்த வருஷம் செப்டம்பர் 23-லேயே வந்து போயிற்று. ஒரு மாத வித்தியாசத்துக்குக் காரணம் கூடுதல் மாதம். சந்திர மாதம் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான், சூரிய வருஷத்துக்குப் பதினோரு நாள் குறையும். அதைச் சரிக்கட்ட ரபீக்களின் முறையில் 19 வருஷத்துக்கு 7 தடவை ஒரு மாதம் சேர்ப்பார்கள், அட்டவணைப்படி. ரபீக்களின் மரபை ஏற்காத காராய யூதரின் முறையில் விதி வேறு: யூதேயாவில் வாற்கோதுமை கதிர் முற்றியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வருஷத்தின் முதல் மாதத்தைத் தொடங்க வேண்டும், முற்றவில்லை என்றால் ஒரு மாதம் தள்ள வேண்டும். மோசே சொன்ன முறை அதுவே என்று ஸ்னோவின் ஆட்கள் இதை எடுத்தார்கள். ஆக ஐயாயிரம் மைலுக்கும் அப்பால் உள்ள வயலின் கதிரை அடிப்படையாக வைத்த தேதிக்காக நியூ இங்கிலாந்துக்காரர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டார். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

கணக்குப்பிள்ளை

பெரோயா, எஸ்றா 4:12 பற்றிச் சொன்னது நியாயம், ஏற்கிறேன். அங்கி விஷயமும் சரி.

மறுப்பவர் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கக் கூடாது. தானியேல் 8:21 தரிசனத்தில் வரும் வெள்ளாட்டுக்கடா கிரேக்கு ராஜா என்று தானே சொல்லிவிடுகிறது. ஆகவே பரிசுத்த ஸ்தலத்தைத் தள்ளுண்டுபோகச் செய்வதாக அதே தரிசனம் சொல்லும் சின்னக் கொம்பு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கிரேக்க ராஜா நாலாம் அந்தியோகஸ், நடந்தது கி.மு. 167, ஆலயம் மீட்கப்பட்டது 164 டிசம்பர் என்று நாங்கள் சொல்வோம். "இராப்பகல்" என்பதை மாலைப் பலி ஒன்று, காலைப் பலி ஒன்று என்று பிரித்து 2,300-ஐப் பாதியாக்கி 1,150 நாள் என்போம். ஆனால் மக்கபேயர் ஆகமம் தரும் தேதிகளைப் போட்டால் மூன்று வருஷமும் பத்து நாளும்தான், சுமார் 1,100 நாள். ஐம்பது நாள் இடிக்கிறது. பாதியாக்காமல் முழு 2,300 நாளாக எடுத்தால் ஆறு வருஷம் மூன்றரை மாதம், அதற்கு கி.மு. 170-ஐ ஒட்டி ஒரு தொடக்கம் தேட வேண்டும். ஆள் யார் என்பது நன்றாகப் பொருந்துகிறது, எண் இன்னும் பொருந்தவில்லை. விசுவாசிகள் 8:17-ஐக் காட்டி "தரிசனம் முடிவுகாலத்துக்கு அடுத்தது என்று எழுதியிருக்கிறதே" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை தர வேண்டும்.

பெரோயா

மனம் திறந்து எழுதியதற்கு நன்றி ஐயா.

தேதி கடந்த பிறகு நடப்பதைச் சேர்த்துவிடுகிறேன். பெரும்பாலும் முதல் மூன்று கண்ணியை யாரும் தொடுவதில்லை, நாலாவதை மாற்றுவார்கள். அக்டோபர் 23 காலையே எட்சனுக்குத் தோன்றியது, பரிசுத்த ஸ்தலம் என்பது பூமி அல்ல, பரலோகத்தில் உள்ளது என்று. தேதி சரி, நிகழ்ச்சிதான் வேறு. இந்த விளக்கத்தைச் சுற்றித் திரண்டவர்கள் 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். மில்லர் இதை ஏற்காமலே 1849-ல் இறந்தார்.

1914-ம் அப்படியே. யெகோவாவின் சாட்சிகள் இயக்கத்துக்கு வித்திட்ட சார்ல்ஸ் ரசல், எருசலேம் விழுந்ததாகத் தாம் கொண்ட கி.மு. 606-லிருந்து 2,520 வருஷம் எண்ணி 1914 என்றார். அதே பூஜ்ய வருஷப் பிழை. பிற்பாடு யெகோவாவின் சாட்சிகள் பிழையைத் திருத்தினார்கள், ஆனால் முடிவை நகர்த்தாமல் தொடக்கத்தை 607-க்கு நகர்த்தினார்கள். பாபிலோனியப் பதிவுகளின்படி எருசலேம் விழுந்தது 587 அல்லது 586. அதிலிருந்து எண்ணினால் 1934 அல்லது 1935.

நாட்காட்டி

பெரோயா பிரதர், 2011 மே 21 கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஃபேமிலி ரேடியோ நடத்திய ஹெரால்ட் கேம்ப்பிங் சொன்னது. வேதத்தில் அடையாள அர்த்தம் உள்ளவை என்று அவர் கொண்ட 5, 10, 17 மூன்றையும் பெருக்கினால் 850, அதன் வர்க்கம் 7,22,500. சிலுவை நாள் என்று அவர் கொண்ட கி.பி. 33 ஏப்ரல் 1-லிருந்து அத்தனை நாள். 1,978 வருஷத்தை 365.2422-ஆல் பெருக்கினால் 7,22,449. மீதி 51 நாள் வேண்டும். ஏப்ரல் 1-லிருந்து மே 21-க்கு 50 நாள்தான். இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் மட்டுமே 51.