பழைய கிளியர் அடிச்சேன், இன்னும் கையில ஒட்டுது. அவசரம்!

வெள்ளவத்தை_விட்ஸ்:
வணக்கம். வீட்டுல கிடந்த சில்வர் பெயின்டும் கிளியரும் (மேல அடிக்கிற நிறமில்லாத மினுக்கப் பூச்சு) காருக்கு அடிச்சேன். சில்வர் நல்லாத்தான் விழுந்திச்சு. கிளியர் மட்டும் காயுதே இல்ல, விரல் வச்சா ரேகை பதியுது. ஞாயித்துக்கிழமை கார் கட்டாயம் வேணும். மேல இன்னொரு கோட் கிளியர் அடிச்சா சரி வருமா? தெரிஞ்சவங்க கெதியா சொல்லுங்க.

பேஸ்கோட்_88:
மேல ஒன்னும் அடிக்காதீங்க. கீழ இருக்கிற காயாத கிளியர புதுக் கோட்ல இருக்கிற தின்னர் கிளப்பி, முழுக்கச் சுருங்கிப் போகும். முதல்ல இதெல்லாம் சொல்லுங்க: 1கேயா (தானாக் காயுறது) 2கேயா (ஹார்ட்னர், அதாவது இறுக்குற சாமான், கலந்து அடிக்கிறது)? ஹார்ட்னர் கலந்தீங்களா, என்ன அளவு? டின் எப்ப வாங்கினது? என்ன தின்னர்? எந்த பார்ட், எப்ப அடிச்சது?

மழை_நாள்:
இந்த நாள்ல கொழும்புல காத்துல ஈரம் 80 வீதத்துக்கு மேல. கொம்பிரசர் டேங்க்ல தண்ணி நிக்கும், அதுதான் ஸ்ப்ரே கன்னால வந்திருக்கு. டேங்குக்குக் கீழ இருக்கிற வால்வத் திறந்து பாருங்க. வாட்டர் டிரப் (காத்துக் குழாய்ல வாற தண்ணியப் பிடிக்கிறது) இருக்கா?

பேஸ்கோட்_88:
வாட்டர் டிரப் கட்டாயம் வேணும், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா லைன்ல வாற தண்ணியால பள்ளம், குமிழி, மங்கல்தான் வரும். பார்ட் முழுக்க ஒரே மாதிரி இளக்கமா இருக்குதுன்னா ஹார்ட்னர் வேலை செய்யலன்னுதான் அர்த்தம்.

கன்_மாஸ்டர்:
அடிச்சு முடிச்ச பிறகு கேள்வி கேக்கிறதே இங்க வழக்கமாப் போச்சு. டின்ல ஒட்டியிருக்கிற விகிதத்த வாசிக்க நேரமில்லாதவங்க கன் தூக்கக் கூடாது. பழைய 2கே சாமான்னா கார்ல அடிக்க முதல் ஒரு கண்ணாடித் துண்டுலயோ தகரத்துலயோ அடிச்சுப் பார்க்கணும். அடுத்த நாள் நகத்தால அழுத்துங்க. பிறகு தின்னர் நனைச்ச துணியால பத்துப் பன்னிரெண்டு தரம் தேயுங்க. கிளியர் கரைஞ்சு துணியில வந்தா அது கார்ல போடுற சாமான் இல்ல. இதச் செய்ய ஒரு மூடி கிளியர் போதும்.

வெள்ளவத்தை_விட்ஸ்:
2கே தான். டின்ல 2:1ன்னு இருந்திச்சு, அப்பிடியே கலந்தேன். 2021ல வாங்கினது. கிளியர் டின் திறக்காதது, ஹார்ட்னர் பாதி பாவிச்சது. தின்னர் ஹார்ட்வெயார் கடையில எடுத்த என்சி (நைட்ரோசெலுலோஸ் பெயின்டுக்குப் போடுறது), 10 வீதம். பின் பம்பர். வெள்ளி பின்னேரம் அடிச்சது.

சில்வர்_மைக்கா:
பாதி பாவிச்ச ஹார்ட்னர், என்சி தின்னர். ரெண்டும் ஒரே இடத்துலதான் அடிக்குது.

ஹார்ட்னர்ல இருக்கிறது ஐசோசயனேட். அது கிளியர் ரெசினோட சேர்ந்து இறுகணும். ஆனா தண்ணியக் கண்டா தண்ணியோடயும் சேரும். ஒரு தரம் மூடியத் திறந்தாலே கொழும்புக் காத்தோட ஈரம் டின்னுக்குள்ள போயிடும். பாதி காலியான டின்ல காத்து நிறைய, அதனால உள்ளுக்கேயே செலவாகிடும். அப்ப கார்பன்டைஒக்சைட் வாயுவும் வரும். டின் ஊதியிருந்தா முகத்துக்கு நேர வச்சுத் திறக்காதீங்க, துணிய மேல போட்டு மெதுவாத் தளர்த்துங்க. மூடியோட புரி சுத்தி வெள்ளைப் பொருக்கு பிடிச்சிருக்கா, உள்ள பால் மாதிரி கலங்கியிருக்கா, அடியில கூழ் இருக்கா பாருங்க. நல்ல ஹார்ட்னர் கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும். இதுல ஒன்னு இருந்தாலும் வடிகட்டிப் பாவிக்க நினைக்காதீங்க. கூழ வடிச்சு எடுத்தாலும் செத்த ஹார்ட்னர் திரும்ப வராது. நீங்க 2:1 அளந்து ஊத்தினாலும் அந்த ஹார்ட்னர்ல உண்மையில வேலை செய்றது கொஞ்சம்தான்.

திறக்காத கிளியர் டின் வேற கதை. ஹார்ட்னர் சேராத வரைக்கும் அது இறுகாது. கட்டி இல்லாம குச்சியிலிருந்து நூல் மாதிரி ஒழுகினா நல்லா இருக்க நிறைய வாய்ப்பு.

தெமட்டகொட_நானா:
என்சி தின்னர்ல என்ன பிழை? எத்தனையோ கராஜ்ல பாஸ்மார் 2கே கிளியருக்கு அதத்தான் ஊத்துறாங்க, காயுதுதானே. தம்பிய சும்மா பயப்படுத்தாதீங்க.

சில்வர்_மைக்கா:
நானா, காயுறது வேற, இறுகுறது வேற. என்சி தின்னர்ல அல்ககோல் கலந்திருக்கும், மலிவான டின்ல தண்ணியும் இருக்கும். ரெண்டுமே ஐசோசயனேட்டத் தின்னும். ஹார்ட்னர் புதுசா, பலமா இருந்தா இழப்பத் தாங்கி எப்பிடியோ காயும். ஆனா மினுக்கம் சீக்கிரம் போகும், பெற்றோல் பட்டா இளகும். பாதி செத்த ஹார்ட்னருக்கு அந்த இழப்பத் தாங்க ஏலாது.

தெமட்டகொட_நானா:
அப்ப ஒவ்வொரு கிளியருக்கும் அவனோட தின்னர்தான் வாங்கணுமா? விலை தெரியுமா?

கன்_மாஸ்டர்:
விலை தெரியும். பம்பரத் திரும்ப அடிக்கிற செலவும் தெரியும்.

பேஸ்கோட்_88:
அதே பிராண்ட் இல்லாட்டியும் 2கே தின்னர்னு எழுதினத எடுங்க. கொழும்பு வெயிலுக்கு ஸ்லோ (மெதுவாக் காயுறது). ஃபாஸ்ட் போட்டா 30 பாகைக்கு மேல மேற்பரப்பு முதல் மூடிரும், அடியில தின்னர் மாட்டிக்கும். சண்டைய விட்டுட்டு தம்பிக்கு வழி சொல்லுவோம்.

இது பம்பர், அதுல கவனம். பொனட்டுக்கு 60 பாகை வரைக்கும் சூடு வைக்கலாம். பம்பர கழட்டித் தொங்கவிட்டுச் சூடு காட்டினா வளையலாம். கார்லயே வச்சு ரெண்டு நாள் நல்ல வெயில் காட்டிப் பாருங்க. நகம் பதியாம இறுகினா அதிர்ஷ்டம், பி800 வாட்டர் பேப்பர் போட்டுப் புதுக் கிளியர் அடிக்கலாம். அப்பவும் ஒட்டினா பேப்பர் போடாதீங்க, உருண்டு உருண்டு அடைச்சுக்கும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டி, மிச்சத்தத் துணியில கொஞ்சம் கொஞ்சமா தின்னர் தொட்டுத் துடைச்செடுங்க. தின்னர ஊத்தி ஊற விடாதீங்க. ஏபிஎஸ் பிளாஸ்டிக்னா இளகும், பிபின்னா (பொலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக் தாங்கும், ஆனா பிரைமர் போயிடும். எந்தப் பிளாஸ்டிக்னு பம்பருக்கு உள்பக்கம் எழுதியிருக்கும். வெறும் பிபி தெரிஞ்ச இடத்துல பிளாஸ்டிக் பிரைமர் போடாம சில்வர் அடிச்சா உரிஞ்சு வரும்.

எதுவா இருந்தாலும் ஞாயிறுக்கு முடியாது.

மழை_நாள்:
பழைய சில்வரத் திரும்பப் பாவிக்கலாமா? அதுல இருக்கிற அலுமினியத் தூள் அடியில தங்கியிருக்குமே.

சில்வர்_மைக்கா:
1கே பேஸ்ல (கிளியருக்குக் கீழ வாற நிறக் கோட்) ஹார்ட்னர் இல்ல, அதனால பாவிக்கலாம். மேல தோல் கட்டியிருந்தா கத்தியால ஓரம் வெட்டி முழுசா எடுங்க, உள்ள கலக்காதீங்க. பிறகு மேல நிக்கிற தண்ணியான பெயின்ட்ல பெரும்பங்க வேற டின்ல ஊத்தி வைங்க. அடியில இருக்கிறதத் தட்டைக் குச்சியால சுரண்டி, கட்டி தெரியாத வரைக்கும் மசிச்சு, ஊத்தி வச்சதக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பச் சேருங்க. டின்னக் குலுக்கினா மட்டும் போதாது. அடி கல்லு மாதிரி இருந்தா விட்டுருங்க. 190 மைக்ரோன் வடியில வடிச்சு, ஒரு கார்ட்ல அடிச்சு காருக்குப் பக்கத்துல வெயில்ல நேராவும் சரிஞ்சும் பாருங்க. அலுமினியம் முழுக்கக் கலங்கலன்னா நிறம் காட்டிக் குடுத்துரும்.

ஒரு முக்கியமான விசயம். 2கே அடிக்கும்போது துணி மாஸ்க் போதாது. ஐசோசயனேட் மணக்காமலே இருக்கலாம், நுரையீரல ஒரு தரம் பழுதாக்கினா ஆஸ்துமா மாதிரி நிரந்தரமா நிக்கலாம். வெளியிலிருந்து குழாயால சுத்தமான காத்துக் குடுக்கிற மாஸ்க்தான் சரியானது. அது இல்லாம மூடின கராஜுக்குள்ள அடிக்கவே வேணாம். சுரண்டும்போதும் நைட்ரைல் கிளவுஸ் போடுங்க.

வெள்ளவத்தை_விட்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. ஹார்ட்னர் மூடி சுத்தி வெள்ளைப் பொருக்கு, அடியில ஜெலி. உள்பக்கம் பிபி தான். துடைச்செடுக்கிறேன். திங்கக்கிழமை பஞ்சிகாவத்தைக் கடையில புது கிளியர் செட்டும் 2கே தின்னரும் எடுக்கிறேன்.

பேஸ்கோட்_88:
பிளாஸ்டிக் பிரைமரும் சேத்து எடுங்க. கடையில ஹார்ட்னர் டின்னோட திகதியப் பாருங்க, அங்கயும் பழசு கிடக்கும். மிஞ்சுற கலவைய இறுக்கி மூடி வைக்காதீங்க, காணுக்குள்ளயும் ஊத்தாதீங்க. பிரைமர் எந்த அளவுக்கு உரிஞ்சதுன்னு படம் போடுங்க, அதப் பார்த்துத்தான் எங்க பேப்பர் போடணும்னு சொல்லலாம்.