டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும் திணறிய ஹெரால்ட்

செங்கல்பட்டு, 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்

ஏழு மாதம் என்னை அலைய வைத்த ஒரு கோளாறு போன வாரம்தான் பிடிபட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்காவது உதவும். அதோடு உங்களுக்கு என்ன மாதிரி பெட்ரோல் சப்ளைத் தொல்லை வந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரிந்துகொள்ளவும் ஆசை.

வண்டி என் பெரியப்பாவுடையது. வண்டலூரில் கட்டிய கார், 948 சிசி, ஒற்றை சோலெக்ஸ் கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது), எஞ்சின் பக்கவாட்டில் கேம் தள்ளி இயக்குகிற மெக்கானிக்கல் பம்ப், டிக்கிக்குள் டேங்க். ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறை சொல்ல முடியாது, திருக்கழுக்குன்றம் வரை போய் வருவேன், முனகாமல் போகும். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் மதுராந்தகம் தாண்டி 60 பிடித்தால், அதுவும் சில நாள் மட்டும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல விட்டுவிட்டு ஓடும், ரெண்டு முறை திணறும், அப்புறம் அணைந்துவிடும். பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். 40-லேயே உருட்டிக்கொண்டு வந்தால் வீடு சேரலாம்.

முதலில் எல்லாரும் சொன்னது கார்பரேட்டர். கிட் வாங்கிப் போட்டோம், ஜெட் எல்லாம் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தோம். வண்டி நன்றாக ஓடியது. இரண்டு வாரம் கழித்துப் பழைய கதை. அப்போது சித்திரை வெயில், அதனால் வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கிறது என்றார்கள், பம்ப்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் தகரம் வைத்து மறைத்தோம், ஈரத் துணி சுற்றிப் பார்த்தோம். மறுபடி நன்றாக ஓடியது, மறுபடி நின்றது. அடுத்து பம்ப்புக்குப் புது டயாஃப்ரம், பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிற ரப்பர் சவ்வு. அதுவும் பதினைந்து நாள் தாங்கியது. ஒவ்வொரு ரிப்பேரும் சரியானது போலக் காட்டிவிட்டுப் பிறகு கைவிட்டதுதான் என்னைக் குழப்பியது. நிஜமாகவே எதையோ சரி செய்துகொண்டிருக்கிறோம், வேறொன்று கெட்டுக்கொண்டே வருகிறது என்று நம்பினேன்.

விடை என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், லிட்டர் எழுதி வைப்பது பெரியப்பா காலத்துப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வண்டி நின்ற நாட்களையெல்லாம் அதில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். ஒவ்வொரு குறிக்கும் அடுத்த வரியில் 15 லிட்டர், 17 லிட்டர், 18 லிட்டர் என்று போட்டிருக்கிறது. டேங்க்கே 30 லிட்டருக்குப் பக்கம்தான். அதாவது டேங்க் பாதிக்குக் கீழே போன நாட்களில் மட்டும்தான் வண்டி நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுத்ததும் நான் நேராகப் போன இடம் பெட்ரோல் பங்க், டேங்க்கை நிரப்பிவிட்டுத்தான் சோதனை ஓட்டம்! சரியானது ரிப்பேரால் இல்லை, நிரப்பியதால்.

இதற்கு மேல் தேடுவது சுலபமாகிவிட்டது. பம்ப்பிலிருந்து கார்பரேட்டர் வரை பெட்ரோல் தள்ளப்படுகிறது, அங்கே ஓட்டை இருந்தால் வெளியே சொட்டும், மணம் வரும், கண்ணுக்குத் தெரியும். டேங்க்கிலிருந்து பம்ப் வரை பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது, அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நான் ஏழு மாதமும் கசிவைத் தேடிக் குழாயைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கை நனையவே இல்லை.

பம்ப்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பெட்ரோல் டியூப் மாட்டினேன். ஹெரால்டில் பானெட் மொத்தமாக முன்பக்கம் சாய்வதால் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இதைச் செய்யலாம், இந்த விஷயத்தில் இதைப் போல வசதியான வண்டி இல்லை. டேங்க்கில் பத்து லிட்டர் மட்டும் வைத்து ஸ்டார்ட் செய்தால், டியூபில் சோடா மாதிரி குமிழ் ஓடுகிறது. ஐடிலில் எஞ்சினுக்குத் தேவை கொஞ்சம்தான், குமிழோடு வருகிற பெட்ரோலே ஃப்ளோட் சேம்பரை (கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கிற சின்னக் கிண்ணம்) நிறைத்துவிடும். 60-ல் போகும்போது தேவை கூடுகிறது, வருவது பத்தாது, சேம்பர் காலியாகிறது. நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பம்ப் மெல்ல மெல்ல மறுபடி நிறைக்கிறது. பத்து நிமிட ரகசியம் அதுதான்.

அடுத்து டியூபின் மறுமுனையைக் கழற்றி, தரையில் வைத்த ஒரு கேனிலிருந்து நேராக உறிஞ்ச விட்டேன். ஒரு குமிழ் இல்லை. ஆக பம்ப், கார்பரேட்டர் இரண்டும் நிரபராதி. பின்னால் இருந்த ரப்பர் இணைப்புகளை மாற்றினேன், குமிழ் நிற்கவில்லை. கடைசியில் டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயையே வெளியே எடுத்தேன். எந்தக் காலத்திலோ யாரோ அதை நடுவில் வெட்டி, ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு முனையை அடைத்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கி, சைக்கிள் பம்ப்பால் அடித்தேன், பஞ்சர் பார்க்கிற மாதிரியேதான். ஒட்டின இடத்தில் வரிசையாகக் குமிழ். பெட்ரோல் மட்டம் அந்த ஒட்டுக்கு மேலே இருக்கும் வரை அந்த விரிசல் வழியாகவும் பெட்ரோலைத்தான் உறிஞ்சும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும்.

குழாயைக் கழுவி நன்றாக உலர்த்தி, பிரேஸிங் வைத்ததற்கு ஆன செலவு 150 ரூபாய். (குழாயை மட்டும்தான் பற்றவைப்புக் கடைக்குக் கொண்டு போனேன். காலி பெட்ரோல் டேங்க்கை நெருப்புப் பக்கம் யாரும் கொண்டு போகாதீர்கள், நிறைந்த டேங்க்கைவிட காலி டேங்க்தான் வெடிக்கும்.) அதற்கு முன்னால் போட்ட உதிரி பாகங்களின் கணக்கை எழுதப் போவதில்லை.

பொள்ளாச்சி, 1979 பிரீமியர் பத்மினி

சார், உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் படித்ததும் எனக்கு என் மூடி நினைவு வந்துவிட்டது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஆழியாறிலிருந்து ஏற ஆரம்பித்து நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி பாதி மலையில் அணைந்தது. பத்து நிமிடம் நின்றேன், கொஞ்ச தூரம் போனது, மறுபடி அணைந்தது. பின்னால் பஸ் வேறு ஹாரன் அடிக்கிறது. மலை ஏற்றம், சூடு, வேப்பர் லாக் என்றுதான் நானும் நினைத்தேன். என் மாமனார் இறங்கிப் போய், பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போமே என்று டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம், காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. போன மாதம்தான் சாவி போட்டுப் பூட்டுகிற புது மூடி வாங்கி மாட்டியிருந்தேன், அதில் காற்றுத் துளையே கிடையாது. பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லாமல் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வரவில்லை. மூடியைத் தளர்த்தி, மேலே துணியைக் கட்டிக்கொண்டு வால்பாறை போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் பழைய மூடியைத் தேடி எடுத்து மாட்டினேன். இப்போது எந்தப் பழைய வண்டி பாதி வழியில் நின்றாலும் நான் முதலில் மூடியைத்தான் திறந்து காது கொடுப்பேன், அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

திருச்சி, அம்பாசடர் மார்க் 3

நான் இதற்கு நேர் எதிரான அனுபவத்தைச் சொல்கிறேன். பெட்ரோல் வரவில்லை என்று நாங்கள் எல்லாரும் சத்தியம் செய்த கோளாறு பெட்ரோல் கோளாறே இல்லை. 1489 சிசி எஞ்சின், எஸ்.யூ. கார்பரேட்டர். விராலிமலை பக்கம் மதிய வெயிலில் நிற்கும், பம்ப் மேல் ஈரத் துணி போட்டு இருபது நிமிடம் காத்திருந்தால் ஓடும். துணிதான் காப்பாற்றுகிறது என்று டிக்கியில் எப்போதும் ஒரு வாளியும் பழைய வேட்டியும் வைத்திருந்தேன்.

ஒருமுறை நின்ற உடனே, துணியைத் தொடாமல், ஃப்ளோட் சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தேன். விளிம்பு வரை பெட்ரோல் நிற்கிறது! சேம்பரில் பெட்ரோல் இருக்கும்போது பெட்ரோல் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) போகிற ஒயரைப் பிடித்துப் பொறி பார்த்தால், இல்லை. பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற இக்னிஷன் காயில் சூடானால் செத்துவிடும், ஆறினால் பிழைத்துவிடும். நான் வேட்டி நனைத்துக் காத்திருந்த இருபது நிமிடத்தில் ஆறியது பம்ப் அல்ல, காயில். பொறி பார்க்கிற வேலையை மூடியைப் போட்டு, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, கொஞ்சம் காற்றாட விட்டுத்தான் செய்ய வேண்டும். அவசரத்தில் ஒருவர் திறந்த சேம்பருக்குப் பக்கத்தில் ஒயரை நீட்டியதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

யாழ்ப்பாணம், மொறிஸ் மைனர் 1000

எங்கட வண்டிக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். மொறிஸ் மைனரில் எஸ்.யூ. மின்சார பம்ப், பானெற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் சுவரில் இருக்கும். சாவியைத் திருப்பினதும் டக் டக் டக் என்று வேகமாக அடிக்கும், பிறகு மெதுவாகி நின்றுவிடும். ஃப்ளோட் சேம்பர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்றில் டேங்க்கில் பெற்றோல் இல்லை, அல்லது நீங்கள் சொன்ன மாதிரி எங்கோ காற்று இழுக்குது. எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமலே, சத்தம் நின்ற பிறகும் இடைக்கிடை ஒரு டக் என்றால் ஃப்ளோட் ஊசி சரியாக மூடவில்லை, பெற்றோல் எங்கோ வழியுது. சத்தமே இல்லை என்றால் பம்ப்பின் பொயின்ற்ஸ், மின்சாரம் தொட்டு விடுகிற முனைகள், அழுக்காகியிருக்கும். அப்பா ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டுவார், உடனே உயிர் வரும், ஆனால் அது வீடு போய்ச் சேரத்தான், பொயின்ற்ஸைத் துடைக்காமல் விட்டால் அடுத்த நாளும் அதே இடத்தில் நிற்கும்.

அப்பாவின் காது அப்படிப் பழகினதற்குக் காரணம் 90களின் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் கண்ணில் காட்டினால் போதும் என்ற நிலை, காரெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடினது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய். சூடு குறைந்தால் எரியாது, புகைதான் வரும், அதனால் ஏதாவது கோளாறு என்றால் நிறுத்தாமலே கண்டுபிடிக்க வேண்டும். நிறுத்தினால் திரும்ப எடுக்கப் பெற்றோல் வேண்டுமே. பின்னேரம் வேலை முடிந்து வரும்போது ஒழுங்கை முனையிலேயே அந்த டக் டக் சத்தம் எங்களுக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். அந்த பம்ப்பை நான் இன்னும் மாற்றவில்லை.

மதுரை, 1974 அம்பாசடர்

எனக்கு ஒரு சந்தேகம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு எனக்கு ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது, போன வாரம் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் மட்டம் மேலே ஏறியிருக்கிறது. ஆயில் ஊற்றவே இல்லை, எப்படி ஏறும்?

செங்கல்பட்டு, 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்

மதுரை அண்ணா, முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். குச்சியை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். கிழிந்த வழியாகப் பெட்ரோல் எஞ்சினுக்குள்ளேயே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போய்விடும், உள்ளே ஆவி சேர்ந்தால் நெருப்பு அபாயமும் உண்டு. பம்ப்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

எத்தனால் பற்றி நான் பார்த்தது: டேங்க்கில் பல வருடமாகப் படிந்த பிசினை அது கரைத்துக் கொண்டுவருகிறது, அதனால் முதல் சில டேங்க் வரை ஃபில்டர் அடைக்கத்தான் செய்யும். பழைய ரப்பர் ஊறி உப்பிவிடும், வெளியே நன்றாகத் தெரிகிற டியூப் உள்ளே உரிந்து வழியை அடைக்கும், விரலால் அழுத்திப் பார்த்தால் பிசுபிசுவென்று இருக்கும். டயாஃப்ரம் வாங்கும்போது வைட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள், டியூபும் எத்தனால் தாங்குவதா என்று கேளுங்கள். நிறுத்தி வைக்கிற வண்டியில் அரை டேங்க் விட்டுவைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும், அதுவும் ஒரு திணறலாகத்தான் வெளியே தெரியும்.

இன்னொன்று, டியூபில் வாய் வைத்துப் பெட்ரோல் இழுக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படி இழுத்து, நுரையீரலுக்குப் போய், நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கடையில் கைப்பம்ப் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று டேங்க்கில் ஆறு லிட்டர் மட்டும் விட்டுக்கொண்டு திண்டிவனம் கிளம்பினேன். கண்ணாடி டியூபை இன்னும் கழற்றவில்லை. மேல்மருவத்தூர் தாண்டி 60-ல் கொஞ்ச நேரம் நிலையாக வைத்து ஓட்டினேன், பிறகு ஓரமாக நிறுத்தி பானெட்டைச் சாய்த்து, எஞ்சின் ஓட ஓடவே பார்த்தேன். டியூப் முழுக்கப் பெட்ரோல், ஒரு குமிழ் இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.