கருவாட்டு வியாபாரத்திற்கு ஒரு செயலி: அடிப்படை விளக்கம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எங்கள் குடும்பம் நெத்திலி, சாளை, வாளைக் கருவாட்டை மொத்தமாகக் கொள்முதல் செய்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பி வருகிறது. கொள்முதல், இருப்பு, கடன் பாக்கி எல்லாமே நோட்டிலும் வாட்ஸ்அப்பிலுமாகச் சிதறிக் கிடப்பதால், இவற்றை ஒரே இடத்தில் பார்க்கும்படியான செயலி ஒன்றை உருவாக்க எண்ணியுள்ளோம்.

ப்ளே ஸ்டோரில் செயலியை வெளியிடக் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் என்பது வரை தெரிந்துகொண்டேன். எங்கள் ஆட்கள் அனைவரிடமும் ஆண்ட்ராய்டுதான் என்பதால் ஆப்பிள் இப்போதைக்கு வேண்டாம். பிரவுசரில் இயங்கும் வலைச்செயலியே போதுமா?

எடை போடும் இடத்தில் சிக்னல் அடிக்கடி போய்விடும். அப்போது விவரம் போனிலேயே பதிவாகி, சிக்னல் வந்ததும் சர்வருக்குச் செல்லுமாறு அமைக்கலாம் என்கிறார்கள். ஆனால் ஒரே மூட்டையை இரண்டு பேர் வெவ்வேறு கடைக்கு விற்றதாகப் பதிந்துவிட்டால், இருப்புக் கணக்கு எதை ஏற்கும்? விலை பேச வந்த நிறுவனத்தார் இதற்குப் பதில் சொல்லாமல் திரையின் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

செயலியின் மூல நிரலும் (சோர்ஸ் கோடு) சர்வர் கணக்கும் எங்கள் பெயரிலேயே இருக்க வேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்பது வழக்கமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், வரத்து குறைந்திருக்கும்போதே சோதித்துப் பார்க்க விரும்புகிறோம்.