வளவு வீட்டுச் சொந்தங்கள்: குமார் வீட்டில் மிஞ்சிய ஐந்து மூட்டை

குமார் (காலை 6:52): [படம்] வீட்டு வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. ஐந்து மூட்டை சிமெண்ட், கால் யூனிட் எம்-சாண்ட் மணல், கொஞ்சம் முக்கால் அங்குல ஜல்லி மிச்சம். மழை பிடிப்பதற்குள் தீர்க்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு இன்னொரு மூடி வார்த்துவிடலாமா? மீதியை வண்டிக்காரர் பாதி விலைக்குக் கேட்கிறார்.

பெரியப்பா (6:58): தம்பி, மூட்டையில் வாரமும் வருடமும் அச்சடித்திருக்கும். பார்த்துச் சொல்.

குமார் (7:03): இந்த வருடம், 27-ஆவது வாரம்.

பெரியப்பா (7:04): ஜூலைத் தொடக்கம். ஐப்பசியே பிறந்துவிட்டது. எங்கே அடுக்கியிருந்தாய்?

குமார் (7:05): கார் நிறுத்தும் இடத்தில், சுவரோரமாக. கீழே ஒன்றும் போடவில்லை.

பெரியப்பா (7:16): அப்படியானால் மூடி யோசனையை இப்போதே விட்டுவிடு. மூன்று மாதத்தில் சிமெண்டின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது நாங்கள் வேலையில் வைத்திருந்த கணக்கு. அதுவும் பலகை மேல் ஏற்றி, சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்கியதற்கு. நீ வெறும் தரையில் வைத்திருக்கிறாய், ஈரம் கீழிருந்தே ஏறியிருக்கும். அடியில் மண் தாங்காத எந்த வேலைக்கும் இது வேண்டாம். மூடி, ஜன்னல் மேல் நீட்டும் சன்ஷேடு, வாசல் மேல் பாரம் தாங்கும் லிண்டல் எதற்கும்.

அம்மா (7:20): பின் தெருவில் கன்றுக்குட்டியின் கால் மூடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனதே, மறந்துவிட்டாயா? முந்தின நாள் அதே மூடி மேல் நம் பிள்ளைகள் நின்று விளையாடினார்கள். எனக்கு இன்றும் அடிவயிறு கலங்குகிறது.

குமார் (7:22): மறக்கவில்லை அம்மா. மூடிக்குப் புதுச் சிமெண்ட் வாங்கிக்கொள்கிறேன். இதை வண்டிக்காரருக்கே கொடுத்துவிடவா?

பெரியப்பா (7:24): கொடுக்காதே. அவரிடமிருந்து அது யார் வீட்டு லிண்டலுக்குப் போகுமோ. நம் முற்றத்திலேயே தீர்ப்போம்.

செல்வி அக்கா (7:31): மூட்டை ஓரம் கட்டி தட்டியிருப்பது படத்திலேயே தெரிகிறது. முழுவதும் வீணா?

பெரியப்பா (7:38): இல்லை செல்வி. கட்டியை விரலால் நசுக்கு. மாவாக உதிர்ந்தால் சலித்துப் பயன்படுத்தலாம். உதிராமல் கல்லாக நின்றால் அதன் உயிர் போய்விட்டது. இடித்துப் பொடியாக்கினாலும் திரும்பாது. அதைச் சிமெண்டாக நினைக்காமல் அடிநிரப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா (7:40): கிணற்றடியில் துணி துவைக்கும் இடம் முழுக்கச் சேறு. முதலில் அதைப் போட்டுக் கொடுங்கள். எத்தனை வருடமாகக் கேட்கிறேன்.

பெரியப்பா (7:55): அதற்கு இது போதும். ஆறடிக்கு நாலடி என்று வைத்துக்கொள்வோம். மண்ணைத் தோண்டி, உடைந்த செங்கல், வேலையில் விழுந்து இறுகிய கலவைக் கட்டி, கல்லாகிப்போன சிமெண்ட் எல்லாவற்றையும் நாலு அங்குலத்துக்குப் பரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கு. மேலே மூன்று அங்குல கான்கிரீட். ஒரு சட்டி சிமெண்டுக்கு இரண்டு சட்டி மணல், நாலு சட்டி ஜல்லி என்பதுதான் வழக்கம். சிமெண்ட் பழையது என்பதால் ஜல்லியை மூன்றாகக் குறை. ஒன்றரை மூட்டைக்குள் முடியும். தண்ணீர் வடிய நாலடி அகலத்துக்கு முக்கால் அங்குலம் வாட்டம், வாழை மரப் பக்கம். கொத்தனார் இறுக ஆரம்பித்த கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் தடுத்துவிடு. பத்து நாள் ஈரக் கோணி போட்டு வை.

மதினி (8:02): டைல்ஸ் துண்டுகளும் ஒரு சாக்கு இருக்கிறது. அந்தத் தரையிலேயே பதித்துவிடலாமே?

பெரியப்பா (8:04): வேண்டாம் அம்மா, சோப்புத் தண்ணீரில் வழுக்கும். வெள்ளைத் துண்டுகளை மட்டும் எடுத்து வை, மொட்டை மாடியில் பதித்தால் வெயில் இறங்குவது குறையும்.

செல்வி அக்கா (8:10): எனக்கு இரண்டு சட்டி சிமெண்ட் போதும். பழைய துவாலையைக் கரைத்த சிமெண்ட் பாலில் நனைத்து வாளி மேல் கவிழ்த்துப் பூந்தொட்டி செய்கிறேன். போன முறை செய்ததில் மல்லிகை வைத்து, இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

பெரியப்பா (8:15): சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியிருக்கும். தொட்டியைப் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. பிறகு செடி வை. சட்டி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதே, குழாய்க்குள் இறுகிவிடும்.

குமார் (8:21): பாப்பா, அந்தத் துவைக்கும் தரையில் தன் பாதத்தைப் பதிக்க வேண்டும் என்று இப்போதே அடம் பிடிக்கிறாள்.

பெரியப்பா (8:22): கூடவே கூடாது. ஈரச் சிமெண்ட் பிள்ளைத் தோலைப் புண்ணாக்கிவிடும், உடனே எரிச்சல் கூடத் தெரியாது. கலப்பவர்களும் கையுறை போடுங்கள். பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அம்மா (8:25): பூவரசு இலை நரம்பு அழகாகப் பதியும். குமாரின் தாத்தா தொழுவத்துத் தரையில் பதித்தது இன்னும் இருக்கிறது. அவளை இலை பறிக்கச் சொல், நீ கையுறை போட்டு அழுத்து.

குமார் (8:27): சொல்லிவிட்டேன். மரத்தடிக்கு ஓடிவிட்டாள். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். பெரியப்பா, உங்கள் சல்லடையும் திமிசும் வேண்டும்.

பெரியப்பா (8:28): சனிக்கிழமை மாலையே கொண்டுவந்து வைக்கிறேன்.